காலிக் கொக்கி

வாசலில் மாட்டியிருந்த பலகையில் 'கஃபே' என்றுதான் எழுதியிருந்தது. அந்த முதியோர் இல்லத்தில் இருந்தவர்கள் யாரும் அந்தச் சொல்லை மதித்ததாகத் தெரியவில்லை. "டீக்கடை திறந்தாச்சா?" என்றுதான் கேட்டார்கள். கண்ணாடிக் கதவு, சக்கர நாற்காலி புகுந்து திரும்புகிற அளவுக்கு இடம் விட்டுப் போட்ட மேசைகள், ஓயாமல் சீறிக்கொண்டிருக்கும் ஒரு மெஷின், கேக் வைக்க ஒரு கண்ணாடிப் பெட்டி. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் டீக்கடைதான். காசு மட்டும் வாங்குவதில்லை. ஓசி என்பதாலோ என்னவோ, குறை சொல்கிறவர்கள் அதிகம்.

செவ்வாயும் வெள்ளியும் மத்தியானத்தில் அங்கே டீ போட வருகிறவரை எல்லோரும் டிரைவர் என்று கூப்பிட்டார்கள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தொண்டர் என்றால் கொடி பிடிக்கிறவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். இங்கே கழுத்தில் ஒரு ஏப்ரனை மாட்டி, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டு, "இனிமேல் நீங்க எங்க தொண்டர்" என்றார்கள். வீட்டில் அதுவரை வெந்நீர்கூடப் போட்டதில்லை. வேலையைக் கற்றுக்கொண்டார். பின்னாலிருந்து பேசக் கூடாது, எதிரே வந்து நின்று பேச வேண்டும். கோப்பையை வைக்கும்போது அதன் காது, அதாவது பிடி, நல்ல கைப் பக்கம் இருக்க வேண்டும். பக்கவாதம் வந்தவருக்குக் கெட்ட கைப் பக்கம் வைத்துவிட்டால், அவர் டீயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், கேட்க மாட்டார். இதெல்லாம் இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிட்டது.

புண்ணியத்துக்காக வந்தார் என்று நினைத்து இல்லத்தில் சிலர் அவரைக் கும்பிடுவதுண்டு. அப்போதெல்லாம் அவருக்குக் கூச்சமாக இருக்கும். மனுஷன் வந்தது ரூமுக்காக.

வீட்டில் அவருடைய மனைவிக்கு நினைவு தப்பிவிட்டது. முதலில் சாவி, அப்புறம் அடுப்பு, அப்புறம் பிள்ளைகளின் பெயர், கடைசியில் புருஷன். இப்போது அவரை யாரோ பஸ் டிரைவர் என்று நினைக்கிறாள். அதாவது சரியாகத்தான் நினைக்கிறாள், தன்னுடைய டிரைவர் என்பதை மட்டும் விட்டுவிட்டாள். ராத்திரியானால் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள். "டிரைவர் சார், என் ஸ்டாப் தாண்டிப் போயிட்டீங்க, நிறுத்துங்க" என்று கதவைத் தட்டுவாள். நிறுத்திவிட்டேன் என்றாலும் கேட்க மாட்டாள், நிறுத்த முடியாது என்றாலும் கேட்க மாட்டாள். வேலையில் இருந்த காலத்தில்கூட அவர் இத்தனை ராத்திரி வண்டி ஓட்டியதில்லை. கொழுந்தியா வந்து கூட இருந்ததால்தான் பகலில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ஆனால் அந்த அம்மாளின் மகளுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. "அத்தான், நான் எத்தனை நாளைக்கு இங்க இருக்க முடியும்? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டாள்.

நினைவு தப்பியவர்களுக்கு இல்லத்தில் கீழ்த்தளத்து அறைதான் கொடுப்பார்கள், மாடிப்படி ஆபத்து என்று. கீழே இருந்தது சில அறைகள்தான். எல்லாவற்றிலும் ஆள் இருந்தார்கள். "அடுத்து கீழ ஒரு ரூம் காலியானா உங்களுக்குத்தான் சார்" என்று மேனேஜர் அம்மா சொல்லியிருந்தாள். "நீங்க டீ போடுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா முகம் தெரிஞ்சவங்கன்னா எங்களுக்கும் ஒரு இது." அந்த 'ஒரு இது'வைப் பிடித்துக்கொண்டுதான் டிரைவர் வாரம் இரண்டு நாள் ஏப்ரன் கட்டினார்.

அறை காலியாவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. குணமாகி வீட்டுக்குப் போகிற இடமா அது?

டீக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. கல்லாப்பெட்டி இருந்திருக்க வேண்டிய இடத்துக்குப் பின்சுவரில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு கொக்கி, அதில் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த சொந்தக் கோப்பை. பூப்போட்டது, விளிம்பு உடைந்தது, பேரன் வண்ணமடித்தது என்று ஆளுக்கு ஒன்று. யாராவது இறந்துபோனால் காலையிலேயே பணிப்பெண் வந்து கோப்பையை எடுத்து, துடைத்து, உறவுக்காரரிடம் கொடுத்துவிடுவாள். டீக்கடையில் அறிவிப்பு கிடையாது. யாரும் கேட்கவும் கூடாது. "காலிக் கொக்கியைப் பத்தி இங்க பேசறதில்ல" என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பெரியவர்களும் பேச மாட்டார்கள். ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார்கள், பிறகு சர்க்கரை போதவில்லை என்று சண்டை பிடிப்பார்கள்.

டிரைவர் உள்ளே நுழைந்ததும் செய்கிற முதல் காரியம் அந்தச் சுவரைப் பார்ப்பது. ஏப்ரனை மாட்டுவதற்கு முன்னால். தன்னுடைய கண் அங்கே போகிறதே என்று அவருக்கே அருவருப்பாக இருக்கும். ஆனாலும் போகும். பிரேக் பிடிக்காத வண்டி மாதிரிப் போகும்.

கீழ்த்தளத்துக் கடைசி அறையில் இருந்தது நர்ஸம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்து, டாக்டர்களையே விரட்டி வேலை வாங்கியவள் என்று பேச்சு. இப்போது கால் விழுந்துவிட்டது, வாய் விழவில்லை. விழுங்குவதில் சிக்கல் இருந்ததால் அவளுடைய டீயில் ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். தண்ணீராகக் கொடுத்தால் நுரையீரலுக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். டிரைவர் கரண்டியை விட்டுக் கலக்கி, கட்டி தட்டாமல் பார்த்து, நல்ல கைப் பக்கம் காதைத் திருப்பி வைப்பார்.

"இது டீயா, போஸ்டர் ஒட்டுற பசையா?"

"டீதாம்மா. நம்பிக் குடிங்க."

"எத்தனை பேருக்கு நான் இதைக் கலக்கி ஊட்டியிருக்கேன் தெரியுமா? அப்பல்லாம் அவங்க திட்டுனது இப்பத்தான் புரியுது. ஒரே ஒரு நாள் சும்மா தண்ணி டீ கொடேன். யாரும் பாக்கல."

"வேணாம்மா. ஒத்துக்காது."

"ஏன்ப்பா பயப்படுற? கடைசி ரூம் உனக்குத்தான் வருதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஒரு டீ, உனக்கு ஒரு ரூம். ரெண்டு பேருக்கும் லாபம்."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். டிரைவர் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே வேர்த்து நிற்பார். வேறு யாராக இருந்தாலும் ஒரு நாள், பாவம் கிழவி ஆசைப்படுகிறாள் என்று ஒரு மடக்கு கொடுத்திருக்கலாம். அவரால் முடியாது. கொடுத்தால் அது இரக்கமா வேறொன்றா என்று அவருக்கே தெரியாது. அதனால் மற்றவர்களைவிட அவளுக்கு ஒரு கரண்டி பொடி கூடவே போட்டார். அவளும் கூடவே திட்டினாள். இப்படியாக அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. நாள் முழுக்க அலுத்துக் களைத்த மனுஷனுக்கு அந்தத் திட்டு ஒன்றுதான் உறைப்பாக இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழை. முந்தைய ராத்திரி துளிக்கூடத் தூக்கமில்லை. கண் இரண்டும் எரிய உள்ளே வந்து, வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார்.

நர்ஸம்மாவின் கொக்கி காலியாக இருந்தது.

நீல வளையம் போட்ட பெரிய கோப்பை. தப்பாகப் பார்க்க வழியே இல்லை. பக்கத்துக் கொக்கிகளில் எல்லாம் கோப்பை இருந்தது, நடுவில் அது மட்டும் இல்லை. மேசைகளில் ஆள் குறைவு. வந்திருந்தவர்களும் மழையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கேட்கலாம் என்று வாயெடுத்தார், கேட்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது. மேனேஜர் அம்மாவும் வெள்ளிக்கிழமை வரை விடுப்பு.

அப்போது அவருக்குள் வந்தது துக்கமில்லை. அதை மறைத்து எழுதிப் பயனில்லை. அப்பாடா என்று வந்தது. முதுகில் இருந்த மூட்டையை யாரோ தூக்கிக்கொண்ட மாதிரி, நெஞ்சு விரிந்து, சந்தோஷம்தான் வந்தது. இன்னும் கொஞ்ச நாளில் ராத்திரி படுத்துக் காலையில் எழுந்திருக்கலாம். அவ்வளவுதான் அவர் நினைத்தது. நர்ஸம்மா என்ற மனுஷி அந்த நினைப்பில் எங்கேயும் இல்லை.

பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய்க் கொழுந்தியாளுக்குப் போன் போட்டார்.

"கீழ்த்தளத்துல ரூம் காலியாயிடுச்சும்மா."

"நிஜமாவா அத்தான்?"

"ஆமாம்மா. கடைசி ரூம். தோட்டத்துப் பக்கம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நான் இன்னைக்கே டிக்கெட் போட்டுடறேன்" என்றாள். அவரும் "போடும்மா போடும்மா" என்றார். திரும்பி வந்து யாருக்கு என்ன கொடுத்தோம் என்று தெரியாமல் எல்லோருக்கும் டீ கொடுத்தார். கை நடுங்கவில்லை. அதுதான் பிற்பாடு அவருக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

இல்லத்துக்குப் போகிறவர்களின் துணியில் பெயர் எழுதி வைக்க வேண்டும், சலவையில் மாறிப்போகாமல் இருக்க. சாயங்காலம் வீட்டில் மனைவியின் உடுப்புகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, கழுத்துப்பட்டியின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் அவள் பெயரை எழுதினார். அவள் எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"யார் ஊருக்குப் போறாங்க?"

"நீதான்."

"நீங்க வரலையா?"

"நான் வந்து விட்டுட்டுத் திரும்பிடுவேன்."

"அப்ப ரிட்டர்ன் வண்டி காலியாத்தான் போகும்" என்றாள் மனைவி, விவரம் தெரிந்த பயணி மாதிரி. அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு திறந்து எழுதி முடித்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏப்ரனை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது கண்ணாடிக் கதவு திறந்தது. பணிப்பெண் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் நர்ஸம்மா. பாதியாக இளைத்து, சால்வை போர்த்தி, மடியில் அந்த நீல வளையக் கோப்பையை வைத்துக்கொண்டு.

"நாலு நாளா காய்ச்சல் சார் இவங்களுக்கு" என்றாள் பணிப்பெண். "வேற கோப்பையில கொடுத்தா குடிக்க மாட்டேன்னு ஒரே அடம். அதான் இதை ரூமுக்கே கொண்டுபோயிட்டேன்." கோப்பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு அவள் போய்விட்டாள்.

"என்ன டிரைவர், பேயறைஞ்ச மாதிரி நிக்குற?" என்றாள் நர்ஸம்மா.

அவர் மெஷின் பக்கம் திரும்பினார். டீ போட்டார். பொடியைப் போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, கொட்டிவிட்டு மறுபடி போட்டார். சர்க்கரை கூடாதவருக்குச் சர்க்கரை போய்விட்டது, ஓடிப்போய்க் கோப்பையைத் திரும்ப வாங்கி வந்தார். பக்கவாதக்காரருக்குக் கெட்ட கைப் பக்கம் காதைத் திருப்பி வைத்துவிட்டு வந்துவிட்டார். மனுஷன் டீயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டு முழுக்க ஒரே பார்வையில் பார்த்துப் பழகிய கண்.

"இங்க வா. உக்காரு."

"வேலை இருக்கும்மா."

"உன் வேலையைத்தான் பாத்தேனே. உக்காரு."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"செவ்வாய்க்கிழமை உங்க கோப்பை அங்க இல்ல" என்றார்.

அவள் திரும்பிக் கொக்கியைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

"வீட்ல சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். கொழுந்தியா ஊருக்கு டிக்கெட் போட்டுட்டா. நாளைக்கு ரயில். என் பொண்டாட்டி துணியிலெல்லாம் பேர் எழுதிட்டேன்."

"சரி."

"அது மட்டும் இல்லம்மா." சொல்லாமல் எழுந்து போயிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் சொன்னார். "எனக்கு அழுகை வரல. கொஞ்சம்கூட வரல."

"அப்ப என்ன வந்துச்சு? சந்தோஷமா?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாம்மா."

பக்கத்து மேசையில் யாரோ பிஸ்கட்டை உடைக்கிற சத்தம் கேட்டது. நர்ஸம்மா கெட்டி டீயைக் கரண்டியால் ஒரு வாய் எடுத்து, மெதுவாக விழுங்கி, இன்னொரு வாய் எடுத்தாள்.

"பரவால்ல விடு" என்றாள். "என்னால ஒருத்தன் சந்தோஷப்பட்டு எவ்வளவோ காலம் ஆச்சு."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, அதோடு அழுகையும் வந்தது. செவ்வாய்க்கிழமை வந்திருக்க வேண்டிய அழுகை. ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "எத்தனை நாளாச்சு நீ தூங்கி?" என்று மட்டும் கேட்டாள். அவர் கணக்குச் சொல்ல யோசித்தார். யோசிக்கும்போதே தலை கீழே போனது, மேசையில் கை மடிந்தது, கை மேல் தலை சாய்ந்தது. "எழுப்பாதீங்க. எவனுக்காவது டீ வேணும்னா நாளைக்குக் குடிச்சுக்கலாம்" என்று அவள் யாரையோ அதட்டியது எங்கோ தொலைவில் கேட்டது.

கண் விழித்தபோது டீக்கடையில் வேறு யாரும் இல்லை. மெஷினை அணைத்திருந்தார்கள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. எதிரே நர்ஸம்மா, உட்கார்ந்த இடத்திலேயே. அவளுடைய சால்வை அவர் தோள் மேல் கிடந்தது. மேசையில் அவருடைய போன் அவள் கைப் பக்கமாக இருந்தது.

"ரெண்டு தடவை அடிச்சுது" என்றாள். "உன்னை எழுப்பிடுமேன்னு நான் எடுத்துட்டேன்."

"யாரு?"

"உன் கொழுந்தியா. ரூம் சாவி வாங்கியாச்சான்னு கேட்டா. இன்னும் இல்லம்மான்னேன். நீங்க யாருன்னா. அந்த ரூம்காரிதான் பேசறேன்னேன்."

டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐயோ. என்ன சொன்னா?"

"மன்னிச்சுக்குங்கம்மான்னா. நீ எதுக்கும்மா மன்னிப்பு கேக்குற, தாமதம் பண்றது நான்தானேன்னு சொன்னேன்." சற்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "டிக்கெட்டைத் தள்ளிப் போட முடியாதாம்ப்பா. பொண்ணுக்கு வலி எடுத்தாலும் எடுத்துடுமாம். நாளைக்குப் போயே ஆகணும்னு அழுதா. நீ அவமேல கோவப்படாத."

கோபப்பட அவரிடம் என்ன மிச்சம் இருந்தது? நாளையிலிருந்து பகலும் அவர் தலையில்தான். இந்த டீக்கடைக்குக்கூட இனி வர முடியாது. வந்தால் மனைவியை யார் பார்த்துக்கொள்வது? அதைச் சொல்ல வாயெடுத்தார். நர்ஸம்மா முகத்தைப் பார்த்தால் அவளுக்கு அது எப்போதோ புரிந்துவிட்டது போலிருந்தது.

"என்னைக் கொண்டுபோய் விடு" என்றாள்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். இத்தனை மாதத்தில் அந்தத் தாழ்வாரத்தின் கோடிக்கு அவர் போனதே இல்லை. கதவைத் திறந்து உள்ளே விட்டார். நினைத்ததைவிடச் சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு அலமாரி, தோட்டத்தைப் பார்த்த ஜன்னல், சுவரில் பிடித்து நடக்க ஒரு கம்பி. குனிந்து அவளை அணைத்துத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்தார். வீட்டில் தினமும் மனைவியை அணைத்துப் படுக்கவைக்கிற கை, தானாகவே சரியாகத் தூக்கியது. ஆள் கனமே இல்லை. காலைத் தூக்கி மேலே வைத்து, போர்வையை இழுத்துவிட்டார்.

போகலாம் என்று நிமிர்ந்தவர் உடனே போகவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டாலும் கண் அறையைச் சுற்றியது. மனைவி துணிப்பையை எங்கே வைப்பாள்? ராத்திரி எழுந்தால் எந்தப் பக்கம் இறங்குவாள்? கதவு எட்டுமா?

நர்ஸம்மா தலையணையில் சாய்ந்தபடி அவர் கண் போகிற இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டிலை இந்தப் பக்கம் போடாத டிரைவர்" என்றாள். "காலையில வெயில் நேரா மூஞ்சில அடிக்குது. அந்தச் சுவரோரம் போடச் சொல்லு. அவ கொஞ்சம் கூடுதலாத் தூங்குவா."

"சரிங்கம்மா" என்றார் டிரைவர். விளக்கை அணைத்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார்.